கழிவுப் பட்டியலின் இருபத்தேழாவது பொருள்

சென்ற மாதம் ஒரு முற்பகலில் டாக்டர் நிவேதா தொலைபேசியில் அழைத்தார். வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் உள்ள ஒரு தாலுகா மருத்துவமனையில் அவர் அறுவை மருத்துவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் அதே நாற்காலியில் நான் இருந்தேன் என்பதைத் தவிர எங்களுக்குள் வேறு பழக்கம் இல்லை.

"மேடம், டைம் இருக்கா? ஒரு சின்ன டவுட்."

"ரிட்டயர் ஆனவகிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். சொல்லுங்க."

"தியேட்டர்ல இருக்கற எல்லாச் சாமானையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஒவ்வொண்ணுக்கும் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லியிருக்காங்க. ஒரு ஐட்டம் மட்டும் எந்த ரிஜிஸ்டர்லயும் இல்ல மேடம். ஆனா பச்சைத் துணியில சுத்தி, ஸ்டெரிலைஸ் பண்ணி, டிரம்முக்குள்ள பத்திரமா வச்சிருக்காங்க. சிஸ்டர்ஸைக் கேட்டா, அது பெரிய மேடத்தோடதுங்கறாங்க."

"என்ன ஐட்டம்?"

"கரண்டி மேடம். குழம்புக் கரண்டி."

பதிவில் இல்லாத பொருள்களை மாதக் கடைசிக்குள் அரங்கிலிருந்து அகற்றிவிட வேண்டும் என்பது உத்தரவு. அதற்கு முன் அந்தக் கரண்டி எப்படி வந்தது, அதை என்ன செய்யலாம் என்று ஒரு வரி எழுதித் தரும்படி கேட்டார். அரசுப் பணியில் ஒரு வரியில் எழுதப்பட்டவை என்ன கதிக்கு ஆளாகும் என்பதை நன்கு அறிந்தவள் நான். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

படித்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தஞ்சாவூரில் படித்தேன். மேற்படிப்பில் பொது அறுவையை எடுத்தேன். "பொம்பளப் புள்ள, பிரசவம் பாக்கற படிப்பா எடுக்கலாமே" என்று உறவினர் பலர் வருந்தினார்கள். வருந்தியவர்களில் பாதிப் பேர் பிற்காலத்தில் தங்கள் குடலிறக்கத்தை என்னிடமே கொண்டுவந்தார்கள். அந்தத் தாலுகா மருத்துவமனைதான் என் முதல் பணியிடம். அறுவை அரங்குக்கும் என் குடியிருப்புக்கும் இடையே ஒரு வேப்பமரமும் நாற்பது அடித் தூரமும்.

கரண்டி வந்தது என் இரண்டாம் ஆண்டில். மகப்பேறு மருத்துவர் விடுப்பில் இருந்த ஒரு நாள், கருக்குழாயில் தங்கிவிட்ட கரு வெடித்த நிலையில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். அவளுடைய ரத்தத்தில் பெரும் பகுதி அவள் வயிற்றுக்குள்ளேயே தேங்கிக் கிடந்தது. வெளியிலிருந்து கொடுக்க ஒரு பைகூட இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தேங்கிய ரத்தத்தை முகந்தெடுத்து, எட்டு மடிப்புச் சல்லாத் துணியில் வடிகட்டி, உறையாமல் தடுக்கும் சிட்ரேட் கரைசலோடு சேர்த்து, அவளுக்கே ரத்தக் குழாய் வழியாகத் திருப்பிக் கொடுப்பது. பாடநூலில் அது ஆறு வரி. எதைக் கொண்டு முகப்பது என்பது அந்த ஆறு வரிகளில் இல்லை. கிட்னி டிரே என்று நாங்கள் சொல்லும் வளைந்த தட்டு இடுப்புக் குழிக்குள் இறங்கவில்லை. கிண்ணம் விரல்களை மறைத்தது. அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஸ்டெல்லா சிஸ்டரை என் வீட்டுக்கு அனுப்பினேன். நீளக் காம்பும் ஆழமான குழியும் கொண்ட எங்கள் குழம்புக் கரண்டியோடு அவர் ஓடிவந்தார். அந்தப் பெண் பிழைத்தாள். என் கணவர் அன்று டம்ளரால் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். மறுநாள் நான் வேறு கரண்டி வாங்கினேன்.

அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் அரங்கில் இருக்கும் எதுவும் பதிவேட்டில் இருந்தாக வேண்டும் என்று அப்போதைய ஸ்டோர்கீப்பர் பிடிவாதமாக நின்றார். "கரண்டி, எவர்சில்வர், ஒன்று, நன்கொடை" என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். கரண்டி அரசுடைமை ஆயிற்று. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. ஒரு பொருளுக்குப் பதிவு கிடைக்கும் அன்றுதான் அதன் முதுமையும் தொடங்குகிறது என்பதை அறியும் வயது அன்று எனக்கு இல்லை.

ஐம்பதைத் தாண்டியதும் மூப்பு வரிசைப்படி எனக்கு நிர்வாகப் பதவி வந்தது. மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளை மேற்பார்வையிடும் இணை இயக்குநர். மறுத்திருக்கலாம். பலர் மறுத்தார்கள். நான் ஏற்றதற்குக் காரணம் சொன்னால் இன்று எனக்கே சிரிப்பு வருகிறது. இருபது ஆண்டுகளாக நூலுக்கும் விளக்குக்கும் செவிலியருக்கும் விண்ணப்பம் எழுதிக் களைத்திருந்தேன். கேட்கும் இடத்திலிருந்து கொடுக்கும் இடத்துக்குப் போனால் ஒரு மருத்துவமனைக்குச் செய்ததைப் பல மருத்துவமனைகளுக்குச் செய்யலாம் என்று நம்பினேன். கொடுக்கும் இடத்தில் இருப்பவரும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார், அதிகாரிகளுக்குரிய பச்சை மையில் கேட்கிறார் என்பதே வித்தியாசம் என்று புரிய ஆறு மாதம் ஆயிற்று. ஆனாலும் அந்தப் பச்சை மை எனக்குப் பிடித்திருந்தது. கத்தி பிடித்த விரல்களுக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நான்கு ஆண்டுகள் அப்படிப் போயின. அந்த நான்காம் ஆண்டில், நான் முதலில் வேலை பார்த்த அதே மருத்துவமனைக்குப் புதிய அறுவை அரங்கு கட்டி முடிந்தது. நிழல் விழாத விளக்கு, குளிர்சாதனம், சன்னமான ஒலியோடு ஏறி இறங்கும் மேசை. பழைய அரங்கில் கூரைக் காரை பெயர்ந்து மேசை மீதே விழுந்திருந்தது. நல்லவேளையாக அந்நேரம் மேசையில் யாரும் இல்லை. கட்டடம் தகுதியற்றது என்று எழுதி வந்துவிட்டது. கருவிகளையெல்லாம் புதிய அரங்குக்கு மாற்றினோம், பூட்டினோம், அமைச்சருக்காகக் காத்திருந்தோம்.

தேதி மூன்று முறை தள்ளிப்போனது. கல்வெட்டில் எல்லாப் பெயர்களும் பொறித்தாகிவிட்டன, தேதிக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. புதிய அரங்கில் முதல் அறுவை ஒரு பிரசவமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து மருத்துவமனைகளில் எழுதப்படாத வழக்கம். புது வீட்டில் பால் காய்ச்சுவதைப் போல, முதலில் ஓர் உயிர் உள்ளே வர வேண்டும். அதற்காக ஒவ்வொரு தேதிக்கும் ஒரு தாயைத் தேர்ந்து வைத்தோம். அமைச்சர் வரவில்லை. குழந்தைகள் அவருக்காகக் காத்திராமல், மூன்றும் தஞ்சாவூரில் பிறந்தன.

இதற்கிடையில், ஊரிலேயே குளிர்ச்சியான அறை அது என்பதால், ஊழியர்கள் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே கூடுகிறார்கள் என்று புகார் வந்தது. நான் ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன். திறப்பு விழா முடியும் வரை புதிய அரங்கினுள் எவரும் எக்காரணம் கொண்டும் நுழையலாகாது. சாவி ஸ்டோர்கீப்பர் பொறுப்பில் இருக்கும். நல்ல வாக்கியங்கள். "எக்காரணம் கொண்டும்" என்பதை நானே பேனாவால் சேர்த்தேன்.

அதே வாரம் பழைய அரங்கின் கழிவுப் பட்டியலும் என் மேசைக்கு வந்தது. உபயோகமற்றவை என்று நீக்க வேண்டிய நாற்பது பொருள்கள். உடைந்த ஸ்டூல், ஓடாத மின்விசிறி, துருப்பிடித்த டிராலி. ஒரே கையெழுத்தில் நாற்பதையும் நீக்கினேன். இருபத்தேழாவது வரியை நான் படிக்கவில்லை. படித்திருந்தாலும், அரங்கில் கரண்டிக்கு என்ன வேலை என்று கேட்கும் அதிகாரியாகத்தான் அன்று இருந்தேன்.

நான்காவது தேதி உறுதியானதும் ஏற்பாடுகளைப் பார்வையிடப் போனேன். விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஐப்பசி. சம்பா நடவு முடியும் தறுவாய். இரண்டு நாள் மழையில், தஞ்சாவூர்ச் சாலையில் புதுப் பாலம் கட்டுமிடத்தில் போட்டிருந்த மாற்றுப் பாதையை வாய்க்கால் இழுத்துக்கொண்டு போயிருந்தது. நான் சுற்றிக்கொண்டுதான் வந்தேன், இரண்டு மணி நேரம். கல்வெட்டுக்குப் போடும் திரை சிவப்பா மஞ்சளா என்று வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு லோடு ஆட்டோ உள்ளே வந்தது.

அது கவிழ்ந்த ஆட்டோ அல்ல, கவிழ்ந்ததிலிருந்து ஆட்களைத் தூக்கி வந்த ஆட்டோ. ஒரு வயலில் நட்டுவிட்டு அடுத்த வயலுக்குப் போன பதினொரு பெண்கள். பத்துப் பேருக்குச் சிராய்ப்பு. பதினோராவது, அவர்களுடைய நடவுக் கூட்டத்தின் தலைவி மல்லிகா. நாற்பது வயது இருக்கும். முழங்கால் வரை சேறு காயாமல் இருந்தது. முகம் மட்டும் வெளுத்திருந்தது. ரத்த அழுத்தம் எழுபது. இடது விலாவுக்குக் கீழே தொட்டதும் முனகினாள். அங்கே அறுவை மருத்துவராக இருந்த டாக்டர் முபாரக் வயிற்றில் ஊசி போட்டு இழுத்தார். உறையாத ரத்தம் வந்தது. மண்ணீரல் கிழிந்திருந்தது.

"தஞ்சாவூர் அனுப்பினா ரெண்டு மணி நேரம் மேடம்" என்றார் முபாரக். "தாங்காது."

"ரத்தம்?"

"பி நெகட்டிவ். நம்மகிட்ட ஒரு பைகூட இல்ல."

அவர் அடுத்ததைக் கேட்கவில்லை. இளையவர், நல்லவர், என் சுற்றறிக்கையைப் படித்தவர். என் முகத்தையும் தாழ்வாரக் கோடியில் இருந்த பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். சேற்றோடு தரையில் உட்கார்ந்திருந்த பெண்களில் மூத்தவள், அஞ்சலை என்று பின்னால் தெரிந்துகொண்டேன், அவள்தான் கேட்டாள்.

"ஏம்மா, அந்தப் பூட்டுன ரூம்புதான ஆபரேசன் ரூம்பு? சாவி யாருகிட்ட இருக்கு?"

"அது இன்னும் திறக்கலம்மா" என்றார் பக்கத்தில் நின்ற ஊழியர்.

"அதான் தெரியுதே. சாவி யாருகிட்டன்னுல்ல கேட்டேன்."

ஸ்டோர்கீப்பர் பஞ்சநதத்தை அழைத்தேன். சட்டைப் பையில் சாவியைக் கையால் பொத்திக்கொண்டு வந்தார். எதையும் தொலைத்தறியாத மனிதர்.

"திறங்க பஞ்சநதம்."

"மேடம், சர்க்குலர்ல யாரும் எக்காரணம் கொண்டும்னு இருக்கு."

"யார் போட்ட சர்க்குலர்?"

"நீங்கதான் மேடம். அதனாலதான் சொல்றேன். நாளைக்கு உங்களுக்கே பிரச்சினை ஆயிடக் கூடாதுல்ல. எழுத்துல ஒரு வரி குடுத்துட்டீங்கன்னா..."

திரைத்துணிக்கான ரசீது என் கையில் இருந்தது. அதன் பின்பக்கம் பச்சை மையில் "திற" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என் பணிக்காலத்தில் நான் பிறப்பித்த உத்தரவுகளில் மிகச் சிறியதும், அன்றே நிறைவேறியதும் அது ஒன்றுதான்.

ஸ்டெல்லா சிஸ்டர் அப்போது செவிலியர் கண்காணிப்பாளர். என்னை ஓரமாக அழைத்தார்.

"மேடம், நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இந்த தியேட்டர்ல ஃபர்ஸ்ட் கேஸ் இது. அந்தப் பொம்பள டேபிள்ல போயிட்டான்னா, அதுக்கப்புறம் ஊர்ல ஒருத்தரும் இங்க வந்து படுக்க மாட்டாங்க. எல்லாரும் தஞ்சாவூருக்கே போயிருவாங்க. எத்தன வருசம் ஆனாலும் இதத்தான் சொல்லுவாங்க."

அது மூடநம்பிக்கை அல்ல, துல்லியமான கணிப்பு. இருபது ஆண்டுகளாக அந்த ஊரை அறிந்தவர் சொன்னது. ஒரு பெண்ணின் உயிரோடு, அரங்கின் எதிர்காலமும் அந்த மேசையில் படுக்கப் போகிறது என்று எனக்குப் புரிந்தது.

"சரி சிஸ்டர். அப்ப அவ போகக் கூடாது. என் கரண்டி எங்க?"

ஸ்டெல்லாவின் முகம் மாறியது. அவர் பஞ்சநதத்தைப் பார்த்தார். பஞ்சநதம் தரையைப் பார்த்தார்.

"அது கண்டம் ஆயிடுச்சு மேடம், கழிவுல எழுதியாச்சு" என்றார் பஞ்சநதம்.

"யார் பண்ணது?"

இருவரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாத மரியாதை இருக்கிறதே, அதை விடப் பெரிய குற்றச்சாட்டை நான் எந்த விசாரணையிலும் கேட்டதில்லை.

"சீரியல் நம்பர் இருபத்தேழு மேடம்" என்று கடைசியில் பஞ்சநதம் மெல்லச் சொன்னார். "ஆனா இன்னும் அனுப்பல. அகற்றுறதுக்குக் கமிட்டி கூடணும். மூணு பேர்ல ஒருத்தர் டிரான்ஸ்ஃபர் ஆயிட்டாரு. புது மெம்பர் போடச் சொல்லி உங்க ஆபீசுக்கு ரெண்டு ரிமைண்டர் போட்டிருக்கேன்."

அந்த இரண்டு நினைவூட்டல்களும் என் மேசையில்தான் கிடந்தன. அலுவலகத் தாமதத்தைப் பற்றி அதுவரை நான் பேசிய கூட்டங்கள் ஏராளம். அன்று அந்தத் தாமதத்துக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு கழிவுச் சாமான்கள் கிடந்த கொட்டகையை நோக்கி ஸ்டெல்லாவை ஓடவிட்டேன். உடைந்த ஸ்டூலுக்கும் ஓடாத மின்விசிறிக்கும் நடுவிலிருந்து கரண்டி வந்தது. தேய்த்துக் கழுவி, தட்டில் வைத்து, ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினார்கள். நீலச் சுடரில் அது சிறிது நேரம் கிடந்ததைப் பார்த்தபோது, என் வீட்டுப் பொருள் என்று அப்போதுதான் எனக்கு முழுமையாக நினைவு வந்தது.

கை கழுவும்போது முபாரக் கேட்டார். "மேடம், நீங்க பண்றீங்களா? நான் மண்ணீரல் எடுத்ததில்ல. அசிஸ்ட்தான் பண்ணிருக்கேன்."

நான்கு ஆண்டுகள். விரல்கள் கடந்த காலத்தை மறப்பதில்லை என்று சொல்வார்கள், அது பேனா பிடிக்காதவர்கள் சொல்வது.

"கத்தி உங்க கையில இருக்கட்டும் டாக்டர். கரண்டி என் கையில."

நடுக்கோட்டில் திறந்தார். வயிற்று உறையை வெட்டியதும் ரத்தம் பொங்கி வந்தது. அந்த நேரத்தில் கண்ணால் எதையும் தேடக் கூடாது, கையால்தான் தேட வேண்டும். அவர் வலக்கையை இடப்பக்க விலாவுக்கு அடியில் செலுத்தி, மண்ணீரலை முன்னோக்கி உருட்டி, அதன் காம்பை இரு விரல்களுக்கு நடுவே பிடித்து நசுக்கினார். ஊற்று நின்றது. நான் முகக்கத் தொடங்கினேன். கரண்டியைச் செங்குத்தாக இறக்கக் கூடாது, நுரைத்துவிடும். சாய்த்து இறக்கி, விளிம்பைத் தாண்டி ரத்தம் தானாக உள்ளே வழியவிட்டு, குலுங்காமல் தூக்க வேண்டும். குழம்பின் தெளிவை மட்டும் எடுக்கும் கைப்பக்குவம்தான். ஸ்டெல்லா எட்டு மடிப்புத் துணியைப் பாட்டிலின் வாயில் விரித்துப் பிடித்திருந்தார். ஒரு பாட்டில் நிரம்பியது. இரண்டாவது பாதி நிரம்பியது.

"பிரஷர் அம்பது" என்றார் மயக்க மருத்துவர். "குடுத்துடலாமா மேடம்?"

"இன்னும் பாக்கல."

இதில் ஒரே விதி உண்டு. முகக்கலாம், வடிக்கலாம், தொங்கவிடலாம். ஆனால் குடல் எங்கும் கிழியவில்லை என்று பார்க்காமல் ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது. குடலில் துளையிருந்தால் அந்த ரத்தம் நஞ்சு. இருபத்தோரு அடிக் குடல். அதன் தொடக்கத்தைப் பிடித்து, ஒரு கையிலிருந்து மறு கைக்கு, நாற்றுக்கட்டை அவிழ்த்துப் பார்ப்பதுபோல, இருபுறமும் திருப்பிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். முபாரக்கின் வலக்கை காம்பை விட முடியாது. ஆகவே பார்க்க வேண்டியவள் நான்.

பாதி வழியில், குடலைத் தாங்கும் சவ்வில் ரத்தம் கட்டிய ஒரு நீலத் திட்டு இருந்தது. அதன் அடியில் துளை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

"நாப்பது" என்றார் மயக்க மருத்துவர். குரலை அவர் உயர்த்தவில்லை. அது இன்னும் அதிகமாகக் காதில் விழுந்தது.

சவ்வைப் பிரித்தேன். ஒரு கூட்டத்தில் நாற்பது கோப்புகளைப் படிக்காமல் கையெழுத்திடும் பெண்மணி ஒருத்தி எனக்குள் இருந்தாள். 'போதும், சரியாகத்தான் இருக்கும்' என்று அவள் சொன்னாள். அவளைப் பேசவிட்டுவிட்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டை விரலால் ஒதுக்கி, குடலின் அந்தச் சாண் நீளத்தை இரு முனையிலும் மூடி மெல்ல அழுத்தினேன். காற்றும் வரவில்லை, நீரும் வரவில்லை. துளை இல்லை. மிச்சக் குடலையும் கடைசி அங்குலம் வரை பார்த்தேன்.

"இப்ப குடுங்க."

ஒன்றரைப் பாட்டில் உள்ளே போனது. எழுபது, எண்பது, தொண்ணூறு. முபாரக் காம்பைக் கட்டினார். அவர் போட்ட முடிச்சுகள் நான் போட்டிருக்கக்கூடியவற்றை விட நன்றாக இருந்தன. அதை அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

வெளியே வந்ததும் மாவட்ட ஆட்சியரை அழைத்தேன். என் மகன் வயது அவருக்கு. குரல் உயர்த்தாதவர், எவரையும் நிற்க வைத்துப் பேசாதவர். அவரிடம் ஒரு தனிப் பழக்கம் இருந்தது. எந்தக் கேள்வியைக் கேட்டாலும், பதில் வந்தால் அதை எழுத வேண்டி வருமா என்று முதலில் எண்ணிப் பார்ப்பார்.

"சார், புது தியேட்டர் விஷயமா ஒண்ணு சொல்லணும்."

"டாக்டர், என்னன்னு நான் கேட்டா, நீங்க சொல்ற பதில் மேல நான் நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்குமா?"

"ஆமா சார்."

"அப்ப நான் கேக்கல." அடுத்த மூச்சிலேயே கேட்டார், "பேஷண்ட் எப்படி இருக்காங்க?"

நான் நோயாளியைப் பற்றி இன்னும் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. அந்த இளைஞர் வெகுதூரம் போவார் என்று அன்று நினைத்தேன். போனார்.

அன்று மாலைக்குள் அரங்கைக் கழுவி, மேசைக்கும் விளக்குக்கும் மறுபடி பிளாஸ்டிக் உறை மாட்டினார்கள். அறுவைப் பதிவேட்டில் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதினேன். நோயாளியின் பெயர், நேரம், செய்தது, செய்தவர். எந்த அரங்கு என்று கேட்கும் கட்டம் அந்தப் பதிவேட்டில் இல்லை. இல்லாத கட்டத்தை நான் உண்டாக்கவில்லை. யாராவது விளக்கம் கேட்டால் தர இரண்டு பக்கம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் அமைச்சர் வந்தார். நாடா வெட்டினார், திரையை இழுத்தார். தேதிக்கான வெறுமையில் அன்றைய தேதி புத்தம் புதிதாக வெட்டப்பட்டிருந்தது. ஏற்கெனவே பழகிவிட்ட அந்த அரங்கில் ஒரு தாய்க்குச் சிசேரியன் நடந்து, முதல் குழந்தை பிறந்தது. அதற்குத் தங்க மோதிரம் போட்டார்கள். பிறகு, ஏற்பாட்டில் இல்லாத வகையில், அமைச்சர் பெண்கள் வார்டுக்குள் நுழைந்தார். மல்லிகாவின் கட்டிலருகே நின்றார்.

"என்னம்மா, ஆபரேசனா?"

"ஆமாங்கய்யா. வயித்துல."

"தஞ்சாவூர்லயா பண்ணாங்க?"

"இல்லிங்கய்யா. இங்கதான்."

அமைச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். "இங்க பழைய தியேட்டர் இடிஞ்சு போச்சுன்னுல்ல சொன்னீங்க?" பிறகு மல்லிகாவிடம், "எந்த ரூம்ல வச்சுப் பண்ணாங்கம்மா?"

ஆட்சியர் சன்னல் வழியே தென்னைமரங்களைப் பார்க்கத் தொடங்கினார். பஞ்சநதத்தின் கை சட்டைப் பைக்குப் போனது. மல்லிகா எங்கள் ஒவ்வொருவரையும் நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தாள். நாற்றுக்கட்டு வந்து சேராத வயலில் ஆள்களை எண்ணும் பார்வை.

"எனக்கு மயக்கம் குடுத்துட்டாங்கய்யா. மயங்கிக் கெடந்தவளுக்கு ரூம்பு என்னா தெரியும், வாசல் என்னா தெரியும்? கண்ணு முழிச்சப்ப இந்தக் கட்டில்தான்."

அமைச்சர் சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

யாரும் அவளிடம் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. அன்று பிற்பகல் நான் தனியாகப் போனபோது அவள் காத்திருந்தவள்போல் பேசினாள்.

"அஞ்சலக்கா எல்லாத்தயும் சொல்லிச்சு. பூட்டு, சாவி, கரண்டி. என் ரத்தத்தயே மொண்டு எனக்கே ஊத்துனீங்களாமே."

"ஆமாம்மா."

"உங்களுக்காக நான் ஒரு பொய் சொல்லிட்டேன். நீங்க எனக்கு ஒரு நெசம் சொல்லுங்க. நான் மறுபடி குனிஞ்சு நடலாமா, முடியாதா? வீட்டுல கேட்டா ஆறுதலா சொல்லுறாங்க. எனக்கு ஆறுதல் வேணாம்."

அந்த வட்டாரத்தில் அவள் குனியவில்லையென்றால் மற்றப் பத்துப் பேருக்கும் வேலை பிடித்துத் தர ஆளில்லை. நான் உண்மையைச் சொன்னேன். இந்தச் சம்பாவில் முடியாது, களையெடுக்கவும் முடியாது. அடுத்த குறுவைக்கு இறங்கலாம். ஆனால் மண்ணீரல் இல்லாத உடம்பு காய்ச்சலைத் தாங்காது, சின்னக் காய்ச்சலுக்கும் அன்றே வர வேண்டும், தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது. அவள் ஒவ்வொன்றையும் விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டாள். அடுத்த குறுவையில் இறங்கினாள். இன்றும் இறங்குகிறாள். காய்ச்சல் வந்தால் முதலில் எனக்குத்தான் தொலைபேசி, பிறகுதான் மருத்துவமனைக்கு.

என்னிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. கைப்பையில் இருந்த இரண்டு பக்கமும் மடிப்பில் கிழிந்துபோயின. டாக்டர் நிவேதா, நீங்கள்தான் முதன்முதலாகக் கேட்டிருக்கிறீர்கள்.

கரண்டியின் கதை மட்டும் முடியவில்லை. விழா முடிந்ததும் கழிவுப் பட்டியலிலிருந்து இருபத்தேழாம் எண்ணை நீக்கச் சொன்னேன். ஒரு முறை கழித்த பொருளை மறுபடி பதிவேட்டில் சேர்க்க விதியில் இடமில்லை என்று பஞ்சநதம் வருத்தத்தோடு சொன்னார். விதிப்புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டவும் செய்தார். கமிட்டி கூடியபோது மற்ற முப்பத்தொன்பது பொருள்களும் லாரியில் ஏறின. கரண்டி அகற்றப்பட்டதாக எழுதப்பட்டது. ஸ்டெல்லா அதைப் பச்சைத் துணியில் சுற்றி டிரம்முக்குள் வைத்தார். அன்று முதல் அது அரசின் பார்வையில் உலகத்தில் இல்லாத பொருள். இல்லாத அந்தப் பொருளை முபாரக் பின்னர் இரு முறை பயன்படுத்தினார் என்று கேள்விப்பட்டேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கரண்டியை என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். கணினியில் ஏற்றாதீர்கள். ஏற்றினால் அதற்கு எண் வரும், எண் வந்தால் வயது வரும், வயது வந்தால் என்னைப் போல ஒருவர் வந்து, படிக்காமல், பச்சை மையில் கழித்துவிடுவார். அடுத்த முறை கமிட்டி உறுப்பினர் உரிய காலத்தில் மாற்றலாகிப் போவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

செவிலியர் அறையில் டீ டம்ளர்களும் சாப்பாட்டுத் தட்டுகளும் ஒரு அலமாரியில் இருக்கும். அவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதனால் அவற்றில் ஒன்றும் இதுவரை காணாமல் போனதில்லை, பழுதடைந்தது என்று கழிக்கப்பட்டதும் இல்லை. அரங்கிலிருந்து அந்த அலமாரிக்குப் பதினைந்து அடி. கரண்டியை அங்கே ஓர் ஆணியில் மாட்டிவையுங்கள். குழம்பு ஊற்றக் கூடாது என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

எடுக்க வேண்டிய நாள் வந்தால் யாரிடமும் எழுத்தில் கேட்காதீர்கள். குடலை மட்டும் கடைசி அங்குலம் வரை பார்த்துவிடுங்கள்.